சின்ன ஜோடியும் குறைந்த சிப்பும்



2009ஆம் ஆண்டு லாஸ் வேகஸ் நகரத்து ரியோ விடுதியில் நடந்த போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியிலிருந்து தொடங்குகிறேன். ஆளுக்குப் பத்தாயிரம் டாலர் கட்டி 6,494 பேர் உட்கார்ந்த போட்டி அது. கோடையில் ஆரம்பித்து, ஒன்பது பேர் மிஞ்சியதும் நிறுத்தினார்கள். அந்த ஒன்பது பேரையும் நவம்பரில் திரும்ப அழைத்து இறுதி மேசையை நடத்தினார்கள். அதில் ஒருவர் மிச்சிகன் மாநிலத்து இளைஞர் ஜோ கேடா. வயது 21. மேசையில் இருந்த மொத்த சிப் ஏறத்தாழ 19 கோடியே 48 லட்சம். ஒரு கட்டத்தில் கேடாவிடம் மிஞ்சியது சில கட்டாயப் பந்தயங்களுக்குப் போதுமான சிப் மட்டுமே. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவரைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

அங்கிருந்து அவர் மீண்டு வந்த வழியில் இரண்டு கைகள் இன்றுவரை பேசப்படுகின்றன. ஒன்றில் கேடாவிடம் இரண்டு 3. எதிரே ஜெஃப் ஷுல்மனிடம் இரண்டு ஜாக்கி. மேசையில் பொதுச் சீட்டு எதுவும் விழும் முன்பே எல்லா சிப்பும் நடுவில் போய்விட்டது. மேசையில் இன்னொரு 3 விழுந்தது. பிறகு மூன்று பேர் மட்டும் மிஞ்சிய நேரத்தில் கேடாவிடம் இரண்டு 2, பிரான்ஸ் நாட்டு ஆன்ட்வான் ஸாவுவிடம் இரண்டு ராணி. அங்கேயும் பொதுச் சீட்டு விழும் முன்பே எல்லாம் நடுவில். மேசையில் ஒரு 2 விழுந்தது. கடைசிக் கையில் 9-9 வைத்துக்கொண்டு டார்வின் மூனை வென்று, 85,47,042 டாலர் பரிசோடு, முதன்மைப் போட்டியை வென்றவர்களிலேயே வயதில் இளையவர் என்ற பெயரையும் அவர் வாங்கினார்.

'வெறும் அதிர்ஷ்டம்' என்றார்கள். அது பாதிதான் சரி. பெரிய ஜோடியை எதிர்த்துச் சின்ன ஜோடி ஜெயிப்பது ஏறத்தாழ ஐந்தில் ஒரு முறை. அது கேடாவுக்கு இரண்டு முறை நடந்தது. அதை மறுக்க நான் வரவில்லை. என் அக்கறையெல்லாம் அதற்கு முந்திய நொடியின் மேல்தான். எதிராளியின் சீட்டு தெரியாது, மேசையில் ஒரு சீட்டும் விழவில்லை, கையில் 3-3, கையிருப்போ குறைவு. அந்த நேரத்தில் எது சரியான ஆட்டம்? இதற்குக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கு அழகானது என்று எனக்குப் படுகிறது. அதைச் சொல்லத்தான் நிற்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து இந்திய நாடாளுமன்றம் 2025இல் சட்டம் இயற்றியிருக்கிறது. இந்தப் பேச்சு யாரையும் சூதுக்கு அழைக்கவில்லை. சீட்டு விளையாட்டால் குடும்பங்கள் பட்ட பாட்டை இந்த அவையில் நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நிச்சயமின்மையின் நடுவே முடிவெடுப்பதைப் படிக்க விரும்புகிறவருக்குப் போக்கர் போல ஒரு பாடம் கிடைப்பது அரிது. கணித மேதை ஃபான் நாய்மன் தம் ஆட்டக் கோட்பாட்டு நூலில் போக்கருக்கு ஒரு தனிப் பகுதியே ஒதுக்கினார். கணிதவியலாளர் ஜான் நேஷ் தம் ஆய்வில் மூவர் ஆடும் எளிய போக்கர் ஒன்றைத் தீர்த்துக் காட்டினார். அந்தப் பார்வையோடுதான் நாமும் இதை அணுகுகிறோம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டே நிமிடம். ஆளுக்கு இரண்டு சீட்டு, கவிழ்த்தபடி. மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு: முதலில் மூன்று சேர்ந்து விழும், அது ஃப்ளாப், பிறகு ஒன்று, டர்ன், கடைசியாக ஒன்று, ரிவர். ஏழு சீட்டில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை. சீட்டுப் பங்கிடும் முறை யாருடையதோ அவருக்கு முன்னால் பட்டன் என்ற வட்டு இருக்கும். பட்டனுக்கு இடப்பக்கம் உள்ள இருவர் சீட்டைப் பார்க்கும் முன்பே சிறிய பிளைண்ட், பெரிய பிளைண்ட் என்று சிப் போட்டாக வேண்டும். இப்போதைய போட்டிகளில் பெரிய பிளைண்டில் இருப்பவர் மேசை முழுவதற்கும் சேர்த்து ஆன்டே என்ற இன்னொரு தொகையும் போடுகிறார். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு முறை இந்தக் கட்டாயத் தொகைகள் ஏறிக்கொண்டே போகும். சிப் தீர்ந்தால் எழுந்து போக வேண்டியதுதான். ரம்மியில் ஸ்கூட் விடுவதுபோல இங்கும் எப்போது வேண்டுமானாலும் சீட்டைக் கவிழ்த்துவிடலாம்.

இனி ஒரு மேசையைக் கற்பனை செய்யுங்கள். ஒன்பது பேர். பிளைண்ட் 500, 1,000. ஆன்டே 1,000. ஆக, யாரும் கைவைப்பதற்கு முன்பே நடுவில் 2,500 கிடக்கிறது. உங்கள் கையிருப்பு 10,000, அதாவது 10 பெரிய பிளைண்ட். சீட்டு வருகிறது. இரண்டு கையாலும் மறைத்து, கட்டைவிரலால் ஓரத்தை லேசாகத் தூக்குகிறீர்கள். இஸ்பேட் 4. அதன் கீழே ஆர்ட்டின் 4.

மகிழ்ச்சிதான். ஆனால் எவ்வளவு மகிழலாம்? 52 சீட்டில் இரண்டிரண்டாக எடுத்தால் 1,326 கைகள். அவற்றில் ஜோடி 78. பதினேழு கைக்கு ஒரு முறைதான் எந்த ஜோடியும் வரும். 2-2 முதல் 6-6 வரையிலான சின்ன ஜோடிகள் 30. அது 44 கைக்கு ஒரு முறை. ஒன்பது பேர் மேசையில் ஒரு சுற்று வந்தால் உங்களிடமிருந்து 2,500 போகும். அப்படியானால் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தால் உங்கள் 10,000 நான்கு சுற்றுக்குத்தான் வரும். நான்கு சுற்று என்பது 36 கை. அந்த ஆயுளுக்குள் எந்த ஜோடியானாலும் சராசரியாக இரண்டு முறைதான் வரும். சின்ன ஜோடி ஒன்றுகூட வராமலே போகலாம். இதெல்லாம் பிளைண்ட் ஏறாது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. உண்மையில் அதுவும் ஏறும்.

கையிருப்பை இப்படி 'இன்னும் எத்தனை சுற்று தாங்கும்' என்று அளக்கும் பழக்கத்தைப் பரப்பியவர் டான் ஹாரிங்டன். 1995இல் உலக முதன்மைப் போட்டியை வென்றவர். 839 பேர் ஆடிய 2003 போட்டியிலும் 2,576 பேர் ஆடிய 2004 போட்டியிலும் அடுத்தடுத்து இறுதி மேசைக்கு வந்தவர். பெருங்கூட்டத்தில் அதை ஒரு முறை செய்வதே அரிது. அவர் எழுதிய போட்டி ஆட்ட நூல்களில் இந்த அளவுக்கு 'எம்' என்று பெயர். பேக்கேமன் மேதை பால் மேக்ரீலின் பெயரின் முதலெழுத்து அது. நம் மேசையில் 10,000 வகுத்தல் 2,500, எம் 4. எம் ஐந்துக்குக் கீழே போனால் ஹாரிங்டன் அதைச் சிவப்பு மண்டலம் என்கிறார். அங்கே ஆடுவதென்றால் எல்லா சிப்பையும் தள்ளுவது ஒன்றுதான் ஆட்டம் என்பது அவர் முடிவு. என் முடிவும் அதுவே. ஆனால் அதன் காரணத்தைச் சின்ன ஜோடியை வைத்துப் பார்க்கும்போதுதான் தெளிவாகப் புரிகிறது.

4-4 வந்த பலரும் செய்வது இரண்டில் ஒன்று. வெறும் 1,000 போட்டு உள்ளே நுழைந்து, 'ஃப்ளாப்பில் ஒரு 4 விழுந்தால் பார்ப்போம்' என்று காத்திருப்பார்கள். அல்லது 2,200 என்று ஏற்றிவிட்டு ஃப்ளாப்பைப் பார்ப்பார்கள். இரண்டும் பொறுப்பான ஆட்டம் போலத் தோன்றும். இரண்டுமே குறைந்த கையிருப்பை அரித்துத் தின்னும் வழக்கங்கள்.

ஜோடி வைத்திருப்பவருக்கு ஃப்ளாப்பில் மூன்றாவது சீட்டு கிடைப்பது சுமார் 11.8 சதவீதம். எட்டரை முறைக்கு ஒரு முறை. அந்த ஒரு முறை வரும்போது, வராத ஏழரை முறைகளில் விட்டதையெல்லாம் திரும்ப வாங்க வேண்டும். 10 பெரிய பிளைண்ட் வைத்திருப்பவரால் அவ்வளவு வாங்க முடியாது. எதிராளியிடம் லட்சம் சிப் இருந்தாலும் உங்களிடம் உள்ள அளவுக்குத்தான் அவரிடமிருந்து ஜெயிக்கலாம். கையிருப்பு நிறைந்தவர்களின் ஆட்டத்தில் இந்தக் காத்திருப்புக்கு அர்த்தம் உண்டு. நம் மேசையில் இல்லை.

சரி, மூன்றாவது 4 விழாத ஃப்ளாப் எப்படியிருக்கும்? 6-6 வைத்திருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஃப்ளாப்பில் 7 முதல் ஏஸ் வரை ஒரு சீட்டுகூட விழாமல் இருப்பது சுமார் 4 சதவீதம்தான். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு முறை உங்களைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது உங்கள் முகத்துக்கு முன் கிடக்கும். 4-4 என்றால் கேட்கவே வேண்டாம். ராஜா, 9, 7 என்று விழுகிறது. எதிராளி நாலாயிரம் வைக்கிறார். அவரிடம் ராஜா இருக்கிறதா, அல்லது ஏஸ்-ராணி வைத்துக்கொண்டு மிரட்டுகிறாரா? தெரியாது. கவிழ்த்துவிடுகிறீர்கள். பல முறை முன்னால் இருந்த கையைத்தான் கவிழ்த்திருப்பீர்கள். ஏஸ்-ராணி வைத்திருப்பவருக்கு ஃப்ளாப்பில் ஜோடி சேராமல் போவது ஏறத்தாழ மூன்றில் இரண்டு முறை என்பதை நினைவில் வையுங்கள்.

முன்பே எல்லாவற்றையும் தள்ளியிருந்தால் இந்த இடம் வந்தே இருக்காது. தள்ளியவரை யாரும் வெளியேற்ற முடியாது. ஐந்து சீட்டும் விழுவதைப் பார்க்கும் உரிமை அவருக்கு உண்டு. 4-4, ஏஸ்-ராஜா இரண்டும் ஐந்து சீட்டு வரை போனால் 4-4 பாதிக்குச் சற்று மேல் ஜெயிக்கும். ஆனால் அந்தப் பாதிக்கு மேல் என்பது ஐந்து சீட்டையும் பார்த்தவருக்கு மட்டும் உரியது. ஃப்ளாப்போடு பயந்து எழுந்தவருக்கு அது கிடையாது. சின்ன ஜோடியின் வலிமை இப்படிப்பட்டது. அதைப் பகுதி பகுதியாகப் பயன்படுத்த முடியாது.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. நீங்கள் தள்ளினால் எதிராளிகள் கவிழ்த்துவிடலாம். ஃபோல்ட் ஈக்விட்டி என்று ஆட்டக்காரர்கள் சொல்வது இந்தச் சாத்தியத்தின் விலையைத்தான். அதைக் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம்.

பட்டனில் இருக்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் எல்லோரும் கவிழ்த்துவிட்டார்கள். பின்னால் இரண்டு பிளைண்ட் ஆட்கள் மட்டும். 10,000 தள்ளுகிறீர்கள். இருவரும் கவிழ்த்தால் 2,500 லாபம். பெரிய பிளைண்ட்காரர் அதே தொகையைப் போட்டு ஏற்றுக்கொண்டால், நடுவில் 21,500 சேரும். அவர் ஏற்கும் கைகளுக்கு எதிராக உங்கள் 4-4 நூற்றுக்கு 40 முறைதான் ஜெயிக்கும் என்று வேண்டுமென்றே குறைத்துப் பிடிக்கிறேன். 21,500இல் 40 சதவீதம் 8,600. ஆக, ஏற்கப்பட்ட ஒவ்வொரு முறையும் சராசரி நஷ்டம் 1,400. இப்போது பத்து முறை தள்ளியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு முறை ஏற்கிறார், நான்கு முறைதான் கவிழ்க்கிறார். கவிழ்த்ததில் வந்தது 10,000. ஏற்றதில் போனது 8,400. மிச்சம் 1,600 லாபம். ஏற்கப்படும்போதெல்லாம் பின்தங்கிய கையை வைத்துக்கொண்டு, பத்துக்கு ஆறு முறை ஏற்கப்பட்டும் லாபம்! நடைமுறையில் பெரிய பிளைண்ட்காரர் பத்துக்கு ஆறு கையோடு பத்தாயிரத்தை ஏற்கமாட்டார். அதனால் உண்மையான லாபம் இதைவிடக் கூடுதல். இந்தக் கணக்கை முதன்முதலில் தாளில் போட்டுப் பார்ப்பவர்களின் முகம் மாறுவதை நான் கவனித்திருக்கிறேன்.

இங்கே சின்ன ஜோடிக்கு இன்னொரு தனிச் சிறப்பும் உண்டு. ஏஸ்-3 போன்ற கையைத் தள்ளி, எதிரே ஏஸ்-ராஜா வந்துவிட்டால் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆனால் 3-3ஐ எந்த ஏஸும் அப்படி அமுக்க முடியாது. ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி, ராஜா-ராணி எதுவானாலும் நாணயம் சுண்டுவது போலத்தான். பெரிய ஜோடி ஒன்றுக்குத்தான் அது பயப்பட வேண்டும். 2-2 மட்டும் கொஞ்சம் நலிந்தது. மேசையில் 9-9, 6-6 என்று இரண்டு ஜோடி விழுந்துவிட்டால் உங்கள் 2-2 கையிலிருந்தே காணாமல் போகும். அடுத்திருக்கும் உயர்ந்த சீட்டு யாரிடமோ அவர் ஜெயிப்பார். அதனால்தான் ஒரே நிறத்து ஜாக்கி-10, 2-2ஐ எதிர்த்து நூற்றுக்கு ஐம்பதைத் தாண்டி நிற்கிறது. 5-5க்கும் 6-6க்கும் இந்த ஆபத்து குறைவு.

பெரிய ஜோடிக்குப் பயப்பட வேண்டும் என்றேன். எவ்வளவு பயப்படலாம் என்பது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பொறுத்தது. 2-2 வைத்திருக்கிறீர்கள், பின்னால் இரண்டே பேர். அவர்களில் ஒருவரிடமாவது பெரிய ஜோடி இருப்பது சுமார் 11 சதவீதம். அதே 2-2யோடு முதல் ஆளாகத் தள்ளுகிறீர்கள், பின்னால் எட்டுப் பேர். அது சுமார் 38 சதவீதமாக ஏறிவிடுகிறது. அதோடு நல்ல ஏஸ் வைத்திருப்பவர்களும் சேர்ந்துகொள்வார்கள். சீட்டு மாறவில்லை, கையிருப்பு மாறவில்லை, நாற்காலி மட்டும் மாறியது. 10 பிளைண்டோடு முதல் நாற்காலியில் இருந்தால் 5-5, 6-6ஐ நான் தயங்காமல் தள்ளச் சொல்வேன். 2-2, 3-3 அங்கே விளிம்பில் நிற்பவை. மேசையில் அஞ்சி ஆடுபவர்கள் நிறைந்திருந்தால் தள்ளலாம். எதையும் ஏற்பவர்கள் இருந்தால் கவிழ்த்துவிட்டு அடுத்த கைக்குப் போகலாம். பட்டனிலோ சிறிய பிளைண்டிலோ இருந்தால் இந்த யோசனையே தேவையில்லை.

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுகிறேன். உங்களுக்கு முன்னால் வேறொருவர் 10,000 தள்ளிவிட்டார். உங்களிடம் 12,000, கையில் 4-4. ஏற்கலாமா?

அவர் நடு நாற்காலியிலிருந்து தள்ளியிருக்கிறார். 7-7 முதல் மேலே உள்ள ஜோடிகள், ஏஸ்-10 முதல் மேலே உள்ள ஏஸ்கள், ராஜா-ராணி ஆகியவற்றோடுதான் அவர் தள்ளுவார் என்று வைத்துக்கொண்டால், 4-4 ஜெயிப்பது சுமார் 40 சதவீதம். நீங்கள் 10,000 போட்டு 12,500ஐப் பிடிக்கப் பார்க்கிறீர்கள். அதற்குக் குறைந்தது 44 சதவீதம் வேண்டும். உங்களுக்குப் பின்னாலும் ஆட்கள் இருக்கிறார்கள். கவிழ்த்துவிடுங்கள். தள்ளும்போதும் 40, ஏற்கும்போதும் 40. தள்ளியபோது லாபம் தந்த அதே எண் ஏற்கும்போது நஷ்டமாகிறது. தள்ளியவருக்கு ஜெயிக்க இரண்டு வழி: எல்லோரும் கவிழ்த்தாலும் ஜெயிப்பார், சீட்டு நன்றாக விழுந்தாலும் ஜெயிப்பார். ஏற்பவருக்கு ஒரே வழி.

டேவிட் ஸ்க்லான்ஸ்கி இதைத்தான் தம் போட்டி ஆட்ட நூலில் 'இடைவெளி' என்ற கருத்தாக முன்வைத்தார்: ஒருவர் முதலில் ஏற்றுவதற்குப் போதுமான கை, இன்னொருவரின் ஏற்றத்துக்கு எதிரே நிற்கப் போதாது. போக்கர் பழக்கமே இல்லாத ஒருவர் பெரிய போட்டியில் உட்காரும்போது பின்பற்ற அவர் ஓர் எளிய முறையும் வகுத்தார். முன்னால் யாரும் ஏற்றாவிட்டால் எந்த ஜோடியானாலும் எல்லா சிப்பையும் தள்ளு. முன்னால் ஒருவர் ஏற்றிவிட்டால் இரண்டு ஏஸ், இரண்டு ராஜா போன்ற மிகச் சில கைகளைத் தவிர மற்றதையெல்லாம் கவிழ்த்துவிடு. 2-2 ஒரு பக்கத்தில் தள்ளும் பட்டியலில் இருக்கிறது. மறுபக்கத்தில் 10-10கூட இல்லை. மிக முரட்டுத்தனமான முறைதான். ஆனால் சின்ன ஜோடியின் இயல்பை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வேறொன்றை நான் பார்த்ததில்லை.

விதிவிலக்கு இருக்கிறது. சிறிய பிளைண்டில் இருப்பவர் தள்ளுகிறார், நீங்கள் பெரிய பிளைண்ட். அவருக்கு எதிரே நீங்கள் ஒருவர்தான் என்பதால் பாதிக் கைகளோடு தள்ளியிருப்பார். நீங்கள் ஏற்கனவே போட்டது போக 9,000 போட்டால் போதும். 43 சதவீதம் தேவை. அவ்வளவு அகலமான கைகளுக்கு எதிராக 4-4 பாதிக்கு மேல் ஜெயிக்கும். தாராளமாக ஏற்கலாம்.

குறைந்த கையிருப்பு பற்றிப் பேசும்போது ஜாக் ஸ்ட்ராஸை யாராவது நினைவூட்டுவார்கள். 1982 முதன்மைப் போட்டியில் ஒரே ஒரு சிப் மிஞ்சிய நிலையிலிருந்து மீண்டு, 104 பேர் ஆடிய அந்தப் போட்டியை வென்று 5,20,000 டாலர் வாங்கியவர். 'ஒரு சிப்பும் ஒரு நாற்காலியும் இருந்தால் போதும்' என்ற வழக்கு அவரால் பரவியது. மனம் தளர்ந்தவருக்கு அது தெம்பு தரும், அதை மதிக்கிறேன். ஆனால் அந்த வழக்கு எத்தனையோ பேரைக் கெடுத்தும் இருக்கிறது. 'இன்னும் நாற்காலி இருக்கிறதே' என்று 10 பிளைண்டில் 3-3ஐக் கவிழ்க்கிறார்கள், 7இல் ஏஸ்-8ஐக் கவிழ்க்கிறார்கள். கடைசியில் 2 பிளைண்டோடு நிற்கும்போது 4-4 வருகிறது. தள்ளுகிறார்கள். பெரிய பிளைண்ட்காரருக்கு இன்னும் ஒரு பிளைண்ட் போட்டால் போதும். சீட்டைப் பார்க்காமலே ஏற்கிறார். ஃபோல்ட் ஈக்விட்டி அறவே போய்விட்டது. கண்ணை மூடி எடுத்த எந்தக் கைக்கும் எதிராக 2-2 ஜெயிப்பது கிட்டத்தட்டச் சரிபாதி, 6-6 என்றால் 63 சதவீதம். அதில் ஜெயித்தாலும் 6 பிளைண்டுக்குள்தான் கையில் இருக்கும்; மீண்டும் அதே இக்கட்டு. 10இல் தள்ளி ஜெயித்திருந்தால் 20க்கு மேல். காத்திருந்தபோது அவர்கள் இழந்தது பிளைண்ட் தொகையை மட்டுமா? மற்றவரைக் கவிழ்க்க வைக்கும் சக்தியையும் சேர்த்து இழந்தார்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பொறுமை என்ற நல்ல பெயரில் இந்தத் தவறு நடக்கிறது என்பதுதான்.

இதுவரை சிப்பை சிப்பாகவே எண்ணினேன். போட்டியில் கடைசியில் கிடைப்பது பணம். சிப்புக்கும் பணத்துக்கும் உள்ள உறவு நேர்க்கோடு அல்ல. குதிரைப் பந்தயத்தில் இரண்டாம், மூன்றாம் இடங்களுக்கான நிகழ்தகவைக் கணிக்க டேவிட் ஹார்வில் 1973இல் ஒரு வழி எழுதினார். மேசன் மால்முத் அதே எண்ணத்தைப் போக்கர் போட்டிக்குக் கொண்டுவந்தார். ஆட்டக்காரர்கள் இன்று ஐசிஎம் என்று சொல்வது இதைத்தான்.

நான்கு பேர் மிஞ்சியிருக்கிறார்கள், நால்வரிடமும் சமமான சிப். பரிசு மூன்று பேருக்கு: 50, 30, 20. நாலாவது ஆள் வெறுங்கையோடு போவார். இந்த நிலைக்கு பப்புள் என்று பெயர். ஆளுக்கு 25 மதிப்பு. ஒருவர் எல்லாவற்றையும் தள்ளுகிறார். நீங்கள் ஏற்று ஜெயித்தால் உங்களிடம் பாதி சிப், மற்ற இருவரிடமும் கால் கால். முதலிடத்துக்கு வாய்ப்பு இரண்டில் ஒன்று, இரண்டாமிடத்துக்கு மூன்றில் ஒன்று, மூன்றாமிடத்துக்கு ஆறில் ஒன்று. பெருக்கிக் கூட்டினால் 38.33. சிப் இரட்டிப்பானது, மதிப்பு 25இலிருந்து 50 ஆகவில்லை. தோற்றாலோ பூஜ்யம். அப்படியானால் ஏற்பதற்கு 25 வகுத்தல் 38.33, அதாவது 65 சதவீதம் வெற்றி வேண்டும். எந்தச் சின்ன ஜோடிக்கு அது உண்டு? எதிராளி ஏஸ்-ராஜாவைத் திருப்பிக் காட்டிவிட்டே தள்ளினாலும், 6-6 வைத்திருக்கும் நீங்கள் முன்னால் இருக்கிறீர்கள் என்று தெரிந்தும் கவிழ்க்க வேண்டும். 55 சதவீதம் அங்கே போதாது.

இதையே தள்ளுபவர் பக்கம் நின்று பாருங்கள். உங்களுக்குப் பின்னால் உள்ள நடுத்தரக் கையிருப்புக்காரர்கள் எல்லோரும் இந்தக் கணக்குக்குள் கட்டுண்டு கிடக்கிறார்கள். உங்கள் 10,000ஐ ஏற்றுத் தோற்றால் அவர்கள் முடமாகிவிடுவார்கள். அதனால் வழக்கத்தைவிட அதிகம் கவிழ்ப்பார்கள். பப்புளில் சின்ன ஜோடியைத் தள்ளுவதன் மதிப்பு இதனால் ஏறுகிறது. ஆனால் பின்னால் இருப்பவர் மலைபோல் சிப் வைத்திருப்பவர் என்றால் உங்கள் 10,000 அவருக்கு உறைக்காது, அவர் ஏற்பார். அப்போது 2-2 வேண்டாம். பக்கத்து மேசையில் ஒருவர் ஒரே பிளைண்டோடு சாகக் கிடந்தாலும் வேண்டாம். அவர் போகட்டும் முதலில். பணத்துக்குப் பதில் அடுத்த போட்டிக்கான இடங்களைச் சமமாகப் பரிசளிக்கும் சாட்டிலைட் போட்டிகளில் இது உச்சத்துக்குப் போகும். பத்து இடத்துக்குப் பதினோரு பேர் மிஞ்சியிருக்கும்போது இரண்டு ஏஸையே கவிழ்க்க வேண்டிய நேரம்கூட வரும்.

கடைசியாக ஒரு பகுதி. 10 அல்ல, 18 பிளைண்ட் வைத்திருக்கிறீர்கள். உங்கள் வலப்பக்கத்து ஆள் 2.2 பிளைண்டுக்கு ஏற்றுகிறார். கடைசி நாற்காலிகளில் இருப்பவர்கள் பிளைண்டைத் திருடவே அகலமாக ஏற்றுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். நீங்கள் பட்டனில், கையில் 5-5. நடுவில் 4.7 பிளைண்ட். ஏற்றியவருக்கு எதிரே நிற்க வேண்டாம் என்று சற்று முன் சொன்னேனே? அது ஏற்பது பற்றி. இங்கே நீங்கள் ஏற்கவில்லை, அவருக்கு மேல் தள்ளப் போகிறீர்கள். கவிழ்க்கும் வாய்ப்பு இன்னும் அவர் பக்கம் இருக்கிறது. பத்துக்கு ஆறு முறை அவர் விட்டுவிடுவார், பிளைண்ட் ஆட்களும் ஒதுங்கிவிடுவார்கள், ஏற்கப்பட்டால் உங்களுக்கு 38 சதவீதம் என்று பிடியுங்கள். விட்டுவிடுவதில் வருவது சராசரி 2.8 பிளைண்ட், ஏற்பதில் போவது 1.35. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒன்றரை பிளைண்ட் லாபம். குறைந்த கையிருப்புக்காரருக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது.

ஒரே நிறத்து ஏஸ்-5 இந்த வேலைக்கு 2-2ஐவிட உகந்தது என்று கணினித் தீர்வுகளைப் படித்தவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உங்களிடம் ஓர் ஏஸ் இருந்தால் எதிராளியிடம் இரண்டு ஏஸ் இருக்கும் வழிகள் ஆறிலிருந்து மூன்றாகும். ஏஸ்-ராஜாவின் வழிகள் பதினாறிலிருந்து பன்னிரண்டாகும். உங்களை ஏற்கும் கைகளையே நீங்கள் ஓரளவு அடைத்துவிடுகிறீர்கள். 2-2 யாருடைய எந்தக் கையையும் அடைப்பதில்லை. 2 வைத்துக்கொண்டு எவரும் உங்களை ஏற்கப் போவதில்லை. ஆகவே சின்ன ஜோடிகளுக்குள்ளேயே 5-5, 6-6ஐ இந்த மறுதள்ளலுக்கும், 2-2, 3-3ஐ முதலில் தள்ளும் இடங்களுக்கும் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

அதே 5-5, அதே நாற்காலி, அதே எண்கள், கையிருப்பு மட்டும் 35 பிளைண்ட் என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். விட்டுவிடுவதில் வருவது அதே 2.8. ஏற்பதில் போவது 3க்குச் சற்றுக் கீழே. லாபம் மறைந்துவிட்டது. இப்போது 2.2 பிளைண்டைப் போட்டு ஃப்ளாப்பைப் பார்ப்பதற்கு அர்த்தம் வருகிறது: மூன்றாவது 5 விழுந்தால் ஜெயிக்க, போட்டதைப் போலப் பதினைந்து மடங்கு பின்னால் இருக்கிறது.